இல்லினாய் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி, உடல்நலக் கல்வி, ஓட்டுநர் கல்வி: புதிதாக வந்து சேரும் பெற்றோருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பி.டி. பீரியட் என்றால் நினைவுக்கு வருவது, பொதுத்தேர்வு நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் வந்து எடுத்துக்கொள்ளும் ஒரு மணி நேரம்தான். அதே நினைப்போடு இல்லினாய் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், கணிதத்தில் எந்த நிலை, வேதியியல் எந்த ஆண்டு என்றெல்லாம் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரிடம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, உடற்கல்வி, உடல்நலக் கல்வி, ஓட்டுநர் கல்வி ஆகிய மூன்றையும் ஒரு தலையசைப்பில் கடந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் இம்மூன்றும் ஒரே துறையின் கீழ் வருகின்றன. முதல் இரண்டும் முடியாமல் பட்டயம், அதாவது பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளமா, கிடைக்காது. மூன்றாவதை அரசு உயர்நிலைப் பள்ளிகள் வழங்கியே தீர வேண்டும் என்பது மாநிலச் சட்டம்; அதன் வகுப்பறைப் பகுதியைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் பள்ளி மாவட்டங்களும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) உண்டு. பாடங்கள் கடினமானவை அல்ல. சிக்கல் முழுவதும் தாள்களிலும் தேதிகளிலும்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் கடந்து வந்தபின், அடுத்து வருபவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்று இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கட்டணங்களையும் விதிகளையும் பள்ளி மாவட்டத்திடமும் மாநிலச் செயலாளர் அலுவலகத்திடமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் நடைமுறை மாறும்.

1. பிள்ளையின் பிறந்த நாளை வைத்து நாட்காட்டி போடுங்கள்

பள்ளி ஆண்டு ஆகஸ்டு நடுவில் தொடங்குகிறது. ஆனால் இந்த மூன்று பாடங்களுக்கும் உங்கள் திட்டம் பிள்ளையின் 15ஆம் பிறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டுநர் கல்வியில் சேர்ந்திருக்கும் மாணவருக்கு 15 வயதில் பழகுநர் அனுமதி, அதாவது எல்லோரும் சொல்லும் பெர்மிட், கிடைக்கும். பெர்மிட்டைக் குறைந்தது 9 மாதம் கையில் வைத்திருந்த பிறகே, அதுவும் 16 வயது நிறைந்த பிறகே, லைசென்ஸ் கிடைக்கும். ஆகவே 15 வயது 3 மாதத்துக்குள் பெர்மிட் எடுத்துவிட்டால் 16ஆம் பிறந்த நாளில் லைசென்ஸுக்குப் போகலாம். 15 வயது 8 மாதத்தில் எடுத்தால் 16 வயது 5 மாதம் வரை காத்திருக்க வேண்டும். பேருந்து இல்லாத புறநகரில், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அந்த ஐந்து மாதம் மிக நீளமானது.

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலான பள்ளிகளில் குளிர்காலத்திலேயே, அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், முடிந்துவிடுகிறது. எந்தப் பருவத்தில் (அரையாண்டு செமஸ்டரில்) ஓட்டுநர் கல்வி, எந்தப் பருவத்தில் உடல்நலக் கல்வி என்பதை அப்போதே கேட்டு வாங்க வேண்டும். பல பள்ளிகள் 10ஆம் வகுப்பில் ஒரு பருவத்தை ஒன்றுக்கும் மறு பருவத்தை மற்றொன்றுக்கும் ஒதுக்கி, எஞ்சிய நேரத்தில் உடற்கல்வியை வைக்கின்றன. யாருக்கு எந்தப் பருவம் என்பதைச் சில பள்ளிகள் பிறந்த தேதியை வைத்தும், சில பள்ளிகள் கணினி ஒதுக்கும் விதத்திலும் முடிவு செய்கின்றன. நீங்கள் கேட்காவிட்டால் யாரும் தாமாக மாற்றித் தர மாட்டார்கள்.

2. எல்லாத் தாள்களிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

மற்ற நாட்டவரைவிட நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தப் படிதான். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும்; முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். தடுப்பூசி அட்டையில் 'க. அரவிந்தன்' என்றும், மதிப்பெண் பட்டியலில் 'அரவிந்தன் க.' என்றும், பள்ளிச் சேர்க்கையில் 'அரவிந்தன் கண்ணன்' என்றும், விசாவில் 'எஃப்.என்.யூ. அரவிந்தன்' என்றும் இருந்தால், கணினியின் பார்வையில் அவர்கள் நான்கு பேர்.

பள்ளியில் சேர்க்கும் முதல் நாளிலேயே, கடவுச்சீட்டிலும் ஐ-94 வருகைப் பதிவிலும் உள்ளபடியே சட்டப்பூர்வப் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வகுப்பில் அழைக்க வேறு பெயர் வேண்டுமென்றால், அதற்கெனத் தனியாக ஒரு கட்டம் பெரும்பாலான பள்ளிகளின் பதிவு முறையில் இருக்கிறது; அதில் எழுதிக்கொள்ளலாம். ஓட்டுநர் கல்வியில் சேர்ந்த விவரம் பள்ளியின் பதிவிலிருந்து மாநிலத்துக்குப் போகிறது. அந்தப் பெயரும் பெர்மிட் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால், முன்பதிவு செய்து வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்படுவீர்கள். எங்களுக்கும் ஓர் அலுவலகத்தில் அந்த அனுபவம் வாய்த்தது. முடிந்தால் ஊரிலிருந்து புறப்படும் முன்பே கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டத்தையும் முதற்பெயர் கட்டத்தையும் பிரித்து நிரப்பிவிடுவது நல்லது. இங்கு வந்தபின் தூதரகத்தின் வழியாக மாற்றுவதும் முடியும். ஆனால் அதன்பின் மற்ற எல்லாத் தாள்களையும் மாற்ற வேண்டிவரும்.

தேதியிலும் கவனம் தேவை. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். இங்கே மாதம்தான் முதலில் வரும். 05/08/2010 என்று ஊரில் எழுதப்பட்ட ஆகஸ்டு 5, இங்கே மே 8 ஆகிவிடும். பிறந்த தேதி அப்படிப் பதிவானால் வயதுக் கணக்கே தவறும். தடுப்பூசித் தேதி அப்படிப் பதிவானால், இரண்டு தவணைகளுக்கு இடையே போதிய இடைவெளி இல்லை என்று ஒரு தவணையையே தள்ளிவிடுவார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிய ஒரு பட்டியலைத் தயாரித்து, அசலோடு சேர்த்துக் கொடுங்கள்.

3. மருத்துவப் பரிசோதனைச் சான்றும் தடுப்பூசிகளும்

இல்லினாய் பள்ளியில் முதன்முறையாகச் சேரும் எந்த வகுப்பு மாணவருக்கும், 9ஆம் வகுப்பில் நுழையும் அனைவருக்கும், மாநிலத்தின் படிவத்தில் மருத்துவப் பரிசோதனைச் சான்று வேண்டும். பரிசோதனை, பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். முதன்முறை சேர்பவர்களுக்குக் கண் பரிசோதனையும், 9ஆம் வகுப்பினருக்குப் பல் பரிசோதனையும் கூடுதலாக உண்டு. சட்டப்படி மருத்துவச் சான்றுக்கான கடைசி நாள் அக்டோபர் 15. அதற்குள் வராவிட்டால் பிள்ளையை வகுப்பில் அனுமதிக்க மாட்டார்கள். பள்ளி மாவட்டம் இதற்கு முன்னதாகவே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம், பல மாவட்டங்கள் அப்படியே செய்கின்றன. வெளியிலிருந்து வந்து சேர்பவர்களிடம் தடுப்பூசிச் சான்று இல்லாவிட்டால், ஊசிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம் என்ற சான்றைக் காட்டி வகுப்புக்குப் போகலாம். அதன்பின் 30 நாளுக்குள் சான்றைக் கொண்டுவர வேண்டும்.

ஊரில் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நம்பி வருபவர்களுக்கு இங்கே நான்கு இடங்களில் இடிக்கும். முதலாவது, அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குப் போடப்படுவது தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டுக்குமான ஊசி. இங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த மூன்றுக்குமான எம்.எம்.ஆர். கேட்கிறார்கள், அதுவும் இரண்டு தவணை. இரண்டாவது, சின்னம்மை ஊசி. ஊரில் தனியார் மருத்துவமனையில் கேட்டுப் போட்டிருந்தால்தான் உண்டு; இங்கே அதற்கும் இரண்டு தவணை. மூன்றாவது, பத்து வயதுக்கு மேல் ஊரில் போடும் டெட்டனஸ் அல்லது டி.டி. ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லை. இங்கே அது சேர்ந்த டிடாப் வேண்டும். நான்காவது, மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஊசி. நம் ஊரின் வழக்கமான பட்டியலில் அது இல்லை. இங்கே 6ஆம் வகுப்பிலிருந்து ஒரு தவணையும், 12ஆம் வகுப்புக்கு இரண்டாவது தவணையும் கேட்கிறார்கள். முதல் தவணையையே 16 வயதுக்குப் பிறகு போட்டிருந்தால் அந்த ஒன்றே போதும்.

எம்.எம்.ஆர்., சின்னம்மை ஆகியவற்றின் இரண்டு தவணைகளுக்கு இடையே நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்பதால், ஜூலை இறுதியில் வந்து இறங்கி ஆகஸ்டில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். புறப்படும் முன்பே சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ தனியார் குழந்தை மருத்துவரிடம் முதல் தவணைகளைப் போட்டு, முத்திரையும் கையொப்பமும் கொண்ட ஆங்கிலச் சான்றாக வாங்கி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சின்னம்மை ஏற்கெனவே வந்து போன பிள்ளையாக இருந்தால், எதிர்ப்பாற்றல் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுக்கலாமா என்று பள்ளிச் செவிலியரிடம் கேளுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை கேட்கப்பட்டால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் முறையைத் தவிர்த்து, ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்ட பிள்ளைகளுக்குத் தோல் பரிசோதனை நோய் இல்லாமலேயே வீங்கிக் காட்டக்கூடும். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வேலை நீளும்.

செலவைப் பொறுத்தவரை, அலுவலகம் வழியாக வந்த மருத்துவக் காப்பீடு இருந்தால் ஆண்டுப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். பயணக் காப்பீட்டில் இவை அடங்குவதில்லை. காப்பீடு இல்லாத 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தின் கீழ் ஊசி போடும் உள்ளூர்ச் சுகாதாரத் துறை மையங்களும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. பள்ளி அணியில் விளையாட விரும்பும் பிள்ளைக்கு விளையாட்டுத் தகுதிக்கான மருத்துவச் சான்று தனி. அது 395 நாள் செல்லும். இரண்டு படிவத்தையும் ஒரே நாளில் ஒரே மருத்துவரிடம் நீட்டிவிடுங்கள். மறுபடி நேரம் வாங்கினால் மறுபடி கட்டணம்.

4. உடற்கல்வி: விலக்கு கேட்பதற்கு முன்

இல்லினாயில் உடற்கல்வி எல்லா வகுப்புகளுக்கும் கட்டாயம். ஐந்து நாள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள். மதிப்பெண் சராசரியில் அது சேருமா என்பது மாவட்டத்தைப் பொறுத்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேரும் இடங்களில், ஓடத் தெரியாததற்காக யாரும் மதிப்பெண் இழப்பதில்லை. உடை மாற்றாமல் நிற்பதற்கும் வராமல் போவதற்கும்தான் இழக்கிறார்கள். பள்ளிச் சட்டை, அரைக்கால் சட்டை, லாக்கருக்குப் பூட்டு ஆகியவற்றுக்குச் சிறு தொகை ஆகும். ஃபிட்னஸ்கிராம் என்ற தேர்வில் ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டி ஓடுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால், உட்கார்ந்து கால்விரல் எட்டுதல் போன்றவை இருக்கும். 10ஆம் வகுப்பின் முடிவுகள் மாநிலத்துக்குத் தொகுப்பாகப் போகின்றன. தனிப் பிள்ளையின் எண் போவதில்லை.

நீச்சல் குளம் உள்ள பள்ளிகளில் நீச்சலும் பாடத்தில் வரும். உடை குறித்துத் தயக்கம் இருந்தால் பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு எழுதுங்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். பள்ளி அணிச் சீருடையைச் சமயம், பண்பாடு, உடையில் அடக்கம் ஆகியவை குறித்த விருப்பங்களுக்கு ஏற்ப மாற்றி அணிய 2021இல் வந்த மாநிலச் சட்டமே இடம் தருகிறது. சமய நோன்பு நாட்களில் உடற்பயிற்சிப் பகுதியிலிருந்து விலக்கு உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பெற்றோர் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். ரமலானுக்கும் பொருந்தும், கந்த சஷ்டிக்கும் பொருந்தும்.

11, 12ஆம் வகுப்புகளில் உடற்கல்விக்குப் பதிலாக வேறு பாடம் எடுக்க வழி இருக்கிறது: பள்ளிகளுக்கிடையிலான அணியில் தொடர்ந்து விளையாடுதல், கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையான பாடத்துக்கு இடம் வேண்டியிருத்தல், பட்டயத்துக்குக் குறையும் பாடத்தை முடித்தல் ஆகியவை சட்டம் சொல்லும் காரணங்கள். பள்ளி வாரியம் அப்படியொரு கொள்கையை வைத்திருக்க வேண்டும். நீங்களும் ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்க வேண்டும். வெளியே கற்கும் பரதநாட்டியத்தையும் வார இறுதிக் கிரிக்கெட் லீக்கையும் காட்டி விலக்கு பெற முயன்றவர்களை அறிவேன். அவற்றைப் பள்ளிகள் பொதுவாக ஏற்பதில்லை. உடல்நலக் காரணமென்றால் மருத்துவர் கடிதம் வேண்டும். நீண்ட காலச் சிக்கலென்றால் விலக்கு கேட்பதைவிடத் பிள்ளையின் உடல்நிலைக்கு ஏற்பத் தகவமைத்த உடற்கல்வியைக் கேட்பது மேல், ஏனென்றால் அதில் பட்டயத்துக்கான மதிப்பு (கிரெடிட்) வரவாகும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் மருந்துச் சீட்டின் விவரத்தையும் செவிலியரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

10 அல்லது 11ஆம் வகுப்பில் இடையில் வந்து சேர்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் ஐந்து பாடமோ ஆறு பாடமோதான் இருக்கும். உடற்கல்விக்கு வரியே இருக்காது. பட்டியலை மட்டும் கொடுத்தால், முந்தைய ஆண்டுகளின் உடற்கல்வி நடக்கவே இல்லை என்று கவுன்சலர் எடுத்துக்கொண்டு, இங்கே இரட்டிப்பாக எடுக்கச் சொல்லும் வாய்ப்பு உண்டு. பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம், வாரத்துக்கு எத்தனை வகுப்பு உடற்கல்வி, எத்தனை வகுப்பு கணினி, எத்தனை வகுப்பு ஓவியம் என்று ஆண்டுவாரியாக எழுதி, பள்ளித் தாளில் முத்திரையிட்ட கடிதம் ஒன்றைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். இந்தக் கடிதம் ஆறாவது படியில் மறுபடி தேவைப்படும்.

5. உடல்நலக் கல்வி

ஒரு பருவப் பாடம். உணவு, மனநலம், போதைப் பொருள், முதலுதவி, பாலியல் நலம் ஆகியவை வரும். கையால் மார்பை அழுத்தி உயிர்காக்கும் சி.பி.ஆர். பயிற்சியும், இதயத் துடிப்பை மீட்கும் கருவியைப் பயன்படுத்தும் பயிற்சியும் உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயம். பாலியல் நலப் பகுதியின் பாடப் பொருள்களைப் பெற்றோர் பார்வையிடலாம். பிள்ளை அதில் கலந்துகொள்ள வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் மதிப்பெண்ணோ வேறு எதுவுமோ குறைக்கக் கூடாது என்பது விதி. என் சொந்தக் கருத்து, விலக்காமல் இருப்பதே நல்லது. வீட்டில் நாம் பேசத் தயங்குவதை ஒரு தேர்ந்த ஆசிரியர் முறையாகச் சொல்லிவிடுகிறார். முடிவு உங்களுடையது.

பல மாவட்டங்கள் இப்பாடத்தைக் கோடை விடுமுறையில், கட்டணத்துடன், சில வாரங்களில் நடத்துகின்றன. இசையோ இரண்டாவது அறிவியல் பாடமோ எடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஆண்டில் ஒரு இடம் காலியாகும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் பதிவு எப்போது திறக்கிறது என்று ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள்.

6. ஓட்டுநர் கல்வியில் இடம் பெறுதல்

பாடம் இரண்டு பகுதி கொண்டது: வகுப்பறையில் 30 மணி நேரம், இரட்டை பிரேக் பொருத்திய காரில் ஆசிரியர் பக்கத்திலிருக்க ஓட்டுவது 6 மணி நேரம். அரசுப் பள்ளி இதற்கு 50 டாலர் வரை வாங்கலாம். வாரியம் பொதுக் கூட்டம் நடத்தித் தீர்மானித்தால் 250 டாலர் வரை உயர்த்தலாம். கட்ட இயலாத குடும்பங்களுக்குத் தள்ளுபடி உண்டு, அதற்குத் தனிப் படிவம் இருக்கும். தனியார் பயிற்சிப் பள்ளியில் இதே பாடத்துக்குப் பல நூறு டாலர் ஆகும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் தான் வசிக்கும் மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓட்டுநர் கல்வி எடுக்கத் தகுதி உடையவரே.

முந்தைய இரண்டு பருவங்களில் குறைந்தது 8 பாடங்களில் தேர்ச்சி பெற்றவரே இதில் சேரலாம் என்பது சட்டம். இங்கேயே படித்த பிள்ளைக்கு இது ஒரு பொருட்டல்ல. ஊரிலிருந்து ஆண்டுக்கு ஐந்து பாடம் கொண்ட ஒரே பட்டியலோடு வந்த பிள்ளைக்கு இது ஒரு தடையாக மாறலாம். முழு ஆண்டுப் பாடத்தை இரண்டு பருவப் பாடங்களாகக் கணக்கிடச் சொல்லுங்கள். நான்காவது படியில் சொன்ன கடிதத்தைக் காட்டுங்கள். அப்போதும் குறைந்தால், மாணவரின் நலன் கருதி இந்த நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளருக்கு இருக்கிறது. அவருக்குக் கவுன்சலர் வழியாக எழுதுங்கள்.

ஊருக்குப் போகும் திட்டத்தையும் இதோடு பொருத்திப் பாருங்கள். 30 மணி நேரம் என்பது முழுமையாக நிறைய வேண்டிய கணக்கு. டிசம்பரில் புறப்பட்டுப் பொங்கல் முடிந்து திரும்பும் பயணம், வகுப்புப் பருவத்தின் நடுவில் விழுந்தால் தவறிய மணிகளை ஈடுசெய்ய வேண்டும்; ஈடுசெய்ய நேரமில்லை என்றால் பாடத்தை அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

7. பெர்மிட்

இல்லினாயில் இந்த வேலையைப் பார்ப்பது மாநிலச் செயலாளர் அலுவலகம். பேச்சில் எல்லோரும் டி.எம்.வி. என்பார்கள். ஓட்டுநர் கல்வி வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்தே பெர்மிட்டுக்குப் போகலாம். சிகாகோவைச் சுற்றியுள்ள நெரிசலான மையங்களுக்கு முன்பதிவு வேண்டும். எழுத்துத் தேர்வில் 35 கேள்வி, 28 சரியாக இருக்க வேண்டும். கண் பரிசோதனையும் உண்டு. சில பள்ளிகள் எழுத்துத் தேர்வை வகுப்பிலேயே நடத்திவிடுகின்றன. உங்கள் பள்ளியின் வழக்கத்தைக் கேளுங்கள். கட்டணம் 20 டாலர். முதல் லைசென்ஸும் இதிலேயே அடங்கும். விசாவில் இருப்பவர்களுக்கான அட்டை வகைக்கு ஏற்பக் கட்டணம் மாறலாம். பெர்மிட் 24 மாதம் வரை செல்லும்.

தாள்களை நான்கு பிரிவாகக் கேட்பார்கள்: கையொப்பம், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், முகவரி. கடவுச்சீட்டு, விசா, ஐ-94 அச்சுப்படி, பெற்றோரின் விசா ஒப்புதல் அறிவிப்பு ஆகியவற்றின் அசல்களைக் கொண்டுபோங்கள். முகவரிக்குப் பிள்ளையின் பெயரில் மின்கட்டண ரசீது இருக்காது. வீட்டு முகவரி அச்சிட்டுப் பள்ளி சான்றளித்த மதிப்பெண் பதிவை வாங்குங்கள். கூடவே பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் தொடங்கி, அண்மைய அறிக்கையை அச்சிட்டு வைத்தால் இன்னும் நல்லது.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்து வருவோருக்கானது) உள்ள பிள்ளைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. எண் இல்லை என்று வாயால் சொன்னால் சில இடங்களில் போதாது. எண் பெறத் தகுதியில்லை என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகம் தரும் கடிதத்தைக் கேட்கலாம். அந்த அலுவலகத்துக்கும் நேரில் போக வேண்டும் என்பதால் இதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். பிள்ளையின் குடிவரவு விவரத்தை மத்திய அரசின் தரவுத்தளத்தில் சரிபார்ப்பார்கள். உடனே பொருந்தாவிட்டால் சில நாளோ சில வாரமோ தாமதமாகும். விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கும் காலத்தில் பெர்மிட்டுக்குப் போவதைக் கூடுமானவரை தவிர்த்து, ஒப்புதல் வந்த கையோடு போங்கள். அட்டையின் காலாவதித் தேதியும் தங்கும் அனுமதியோடு கட்டுப்பட்டிருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டில் 50 மணி நேரம்

பெர்மிட் காலத்தில் பிள்ளை 50 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். ஒன்பது மாதத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் கடைசி மாதத்துக்குத் தள்ளினால் நடக்காது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெற்றோராகவோ, 21 வயது நிறைந்து ஓராண்டாவது ஓட்டிய அனுபவமுள்ள உரிமதாரராகவோ இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் இல்லினாய் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்; புதிதாகக் குடியேறியவர் பழைய உரிமத்தை வைத்து ஓட்ட 90 நாள்தான் அவகாசம்.

ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 10 மணிக்கு மேலும், வெள்ளி, சனிகளில் 11 மணிக்கு மேலும், காலை 6 மணி வரை பெர்மிட்டில் ஓட்டக் கூடாது. இரவுப் பயிற்சிக்குக் குளிர்காலம்தான் வசதி. டிசம்பரில் சிகாகோ பக்கம் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பனி பெய்த மறுநாள் காலியான கடை வளாகத்து நிறுத்துமிடத்தில் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் நாமும் கூடவே கற்க வேண்டிய பாடம் அது. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பகலா இரவா என்று பதிவேட்டில் எழுதுங்கள். கடைசியில் கையொப்பமிட்டு உறுதி சொல்லப்போவது நீங்கள். இந்தக் காலத்தில் பிள்ளை போக்குவரத்துக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், லைசென்ஸுக்கான ஒன்பது மாதக் காத்திருப்பு மறுபடி தொடங்கும்.

9. லைசென்ஸும் காப்பீடும்

ஓட்டுநர் கல்வியில் ஏ அல்லது பி பெறும் மாணவருக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள பள்ளிகளில் ஆசிரியரே இறுதி ரோடு டெஸ்டை நடத்தலாம். அதில் தேறியவர் மையத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, எப்போதாவது சிலரை மட்டும் சோதனைக்காக அழைப்பார்கள். உங்கள் பள்ளி இத்திட்டத்தில் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். மையத்தில் ஓட்டுவதென்றால் பதிவும் காப்பீடும் செல்லுபடியாகும் கார் உங்களுடையதாக வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பெற்றோர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும், அல்லது நோட்டரி சான்றளித்த ஒப்புதல் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் பெர்மிட் வாங்கிய நாளிலேயே தெரிவித்துவிடுங்கள். மாநிலம் கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு (பிறருக்கு நேரும் இழப்புக்கானது) ஒருவருக்குக் காயம் 25,000 டாலர், ஒரு விபத்துக்கு 50,000 டாலர், பொருள் சேதம் 20,000 டாலர். இன்றைய மருத்துவமனைச் செலவில் இது மிகக் குறைவு. பதின்வயதினர் ஓட்டும் வீட்டுக்கு இதற்கு மேல் எடுப்பதே உசிதம். பிரீமியம் கணிசமாக ஏறும். பி சராசரிக்கு மேல் வைத்திருக்கும் மாணவருக்குத் தள்ளுபடி தரும் நிறுவனங்கள் பல. ஒவ்வொரு பருவமும் மதிப்பெண் பதிவை அனுப்ப வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் வந்தபிறகும் 18 வயது வரை மேற்சொன்ன இரவு நேரத் தடை தொடரும். முதல் 12 மாதம், 20 வயதுக்கு உட்பட்ட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம்; உடன்பிறந்தவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. தமிழ்ப் பள்ளிக்கோ தைப்பூசத்துக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்து அழைத்துப் போகச் சொல்லிவிடாதீர்கள். 19 வயதுக்குக் கீழ் கைப்பேசியை ஹேண்ட்ஸ்-ஃப்ரீயாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

10. 17 வயதில் வந்து சேர்பவர்களுக்கு

12ஆம் வகுப்பில் நேராக வந்து சேரும் பிள்ளைக்குப் பள்ளியில் ஓட்டுநர் கல்விக்கு இடம் கிடைக்காமல் போகலாம். 17 வயது 3 மாதம் ஆனவர், ஓட்டுநர் கல்வியில் சேராமலேயே பெர்மிட் எடுக்க முடியும். ஆனால் அந்தக் கல்வியை முடிக்காமல் 18க்கு முன் லைசென்ஸ் கிடைக்காது. 18 முதல் 20 வயது வரை உள்ளவர், உயர்நிலைப் பள்ளியில் அதை எடுக்காதிருந்தால், லைசென்ஸுக்கு முன் 6 மணி நேர வயதுவந்தோர் ஓட்டுநர் கல்வியை முடிக்க வேண்டும். கல்லூரிக்காக வேறு மாநிலத்துக்குப் போகப்போகிறார் என்றால், கோடை முடிவதற்குள் இதை இங்கேயே முடித்துக்கொள்வதா, அந்த மாநிலத்தின் விதிகளின்படி எடுப்பதா என்பதை ஏப்ரலில், கல்லூரி முடிவானவுடன், தீர்மானித்துவிடுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மையங்களில் முன்பதிவு கிடைப்பது அரிது.